ஜெஸிமா கொடுத்த வாக்கு

ஸ்காட்லாந்துக் கடற்கரையில் இருக்கிற எங்கள் பிட்கேரியில் ஜெஸிமா டத்தி ஒன்றைச் சொல்லிவிட்டால் சொன்னதுதான். சர்ச் விற்பனைக்கு கேக் செய்து தருகிறேன் என்றால் காய்ச்சலோடு எழுந்து செய்து தருவாள். உன்னோடு பேசமாட்டேன் என்றால் ஈஸ்டர் வரும், போகும், பேசமாட்டாள். துறைமுகத்து மீன் கூடத்தில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே நிற்கிறவள். ஹேடக் மீனை எடுத்து, முள்ளை நீக்கி, இரண்டு பக்கச் சதையையும் அறுத்து வைக்கிற நேரத்தில் இரண்டு பேரைத் திட்டியும் முடித்திருப்பாள். கத்தி கூர்மையா, நாக்கு கூர்மையா என்று சூப்பர்வைசருக்கே சந்தேகம் இருந்தது.

அவளுக்கு ஸ்காட்லாந்தும் வேண்டும், பிரிட்டனும் வேண்டும். கால்பந்தில் இங்கிலாந்தோடு யார் மோதினாலும் அவர்கள் பக்கம்தான் நிற்பாள். எதிரணி எந்தக் கண்டத்தில் இருக்கிறது என்றுகூடக் கேட்கமாட்டாள். இங்கிலாந்து தோற்ற அன்று ஊருக்கே கேட்கும்படி பாடுவாள். நவம்பரில் போர் நினைவுநாள் வந்தால் அதே ஜெஸிமா அப்பாவின் பதக்கங்களை வலது மார்பில் குத்திக்கொண்டு, பிரிட்டன் கொடிக்குக் கீழே விறைப்பாக நிற்பாள். கேலி செய்கிறவர்கள் செய்தார்கள். அவளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை.

காரணம் அப்பா. யுத்தத்தில் கடற்கண்ணிவெடிகளை வாரி எடுக்கும் கப்பலில் இருந்தவர். அந்தக் கப்பல் வெடித்து மூழ்கியபோது, இங்கிலாந்தின் ஹல் நகரத்துக்காரன் ஒருவன் அவர் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, மீட்புப் படகு வரும்வரை குளிர்ந்த தண்ணீரில் மிதந்திருக்கிறான். "அவன் பேசினதுல பாதி எனக்குப் புரியல. ஆனா பிடிச்ச கைய விடல" என்று அப்பா வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு, விஸ்கி உள்ளே போனதும் சொல்வார். ஜெஸிமாவுக்கு பிரிட்டன் என்றால் ராணியும் இல்லை, லண்டனும் இல்லை. அந்தக் கைதான்.

2006இல் லாட்வியாவிலிருந்து இங்குனா வந்து அவள் பக்கத்து மேசையில் நின்றாள். லியபாயா என்ற துறைமுக ஊர்க்காரி. மீனும் புதிதில்லை, குளிரும் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் படித்த ஆங்கிலத்தை நம்பி வந்துவிட்டாள், பாவம். அந்த ஆங்கிலத்தை எங்கள் ஊரில் யாரும் பேசுவதில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை.

வந்த முதல் மாதமே மாட்டிக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை, "நாளைக்கு முதலாளி எல்லாருக்கும் லீவு விடப்போறாராம், சம்பளத்தோட" என்று எவளோ ஒருத்தி கொளுத்திப்போட, மேசை மேசையாகப் பெண்கள் எல்லாரும் ஒரே குரலில், "அய், ரைட்!" என்றார்கள். 'அய்' என்றால் ஆமாம். 'ரைட்' என்றால் சரி. இங்குனா நன்றாகக் கேட்டாள், சந்தோஷப்பட்டாள், சனிக்கிழமை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினாள்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் அவள் முகத்துக்கு நேரே நின்று கத்தினான். ஜெஸிமா கையில் கத்தியோடு நடுவில் வந்து நின்றாள்.

"அவ மேல என்ன தப்பு? நாங்க பேசின லட்சணம் அப்படி. போய் உன் சோலியப் பாரு."

அவன் போனான். ஜெஸிமா கையில் கத்தி இருக்கும்போது யாரும் போய்விடுவார்கள்.

தேநீர் இடைவேளையில் பாடம் நடந்தது.

"கேட்டுக்கோ பொண்ணே. ஒத்தை அய்னா ஆமா. அய்யோட ரைட் சேந்துச்சுன்னா, ஜென்மத்துக்கும் நடக்காதுன்னு அர்த்தம்."

"ரெண்டு ஆமா சேந்தா இல்லையா? இது என்ன பாஷை?"

"எங்க பாஷை. வாக்குக் குடுத்துட்டு ஏமாத்துறவன ஆயிரம் வருஷமா பாத்துப் பாத்து வந்த பாஷை" என்றாள் ஜெஸிமா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "ஆனா நான் உங்கிட்ட ஒத்தை அய் சொன்னா நம்பலாம். அது மாறாது" என்றாள்.

அதை அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அதன்பிறகு இங்குனாவுக்கு வீடு பார்க்க வருவாளா, டாக்டரிடம் கூட வருவாளா, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் நின்றுபோனால் ஜெஸிமாவின் புருஷன் எக் வந்து பார்ப்பானா, எது கேட்டாலும் ஒத்தை அய்தான், சொன்னபடி நடக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் இங்குனா அவர்கள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, உப்பும் கொழுப்புமாக எங்கள் ஊர் தட்டை ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்பாள். "இது ரொட்டியா செருப்பா?" என்பாள். "தின்னுட்டே பேசுறியே, வெக்கமா இல்ல?" என்பான் எக். ஆழ்கடல் படகிலேயே வாழ்க்கையைக் கழித்துவிட்டு முழங்கால் போன பிறகு கரையேறியவன் அவன். வீட்டுக்குள் மனைவி பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

2014 வந்தது. ஸ்காட்லாந்து பிரிட்டனை விட்டுத் தனி நாடாக வேண்டுமா என்று ஓட்டெடுப்பு. வேண்டும், வேண்டாம், இரண்டில் ஒன்று. அந்தக் கோடையில் அண்ணன் வீட்டில் தம்பி சாப்பிடவில்லை, காதலர்கள் பிரிந்தார்கள், கசாப்புக்கடையில் சாசேஜ் வாங்கப் போனால் அரசியல் சாசனம் பேசிவிட்டுத்தான் வரவேண்டியிருந்தது. ஜெஸிமா முன் ஜன்னலில் 'வேண்டாம்' என்று பெரிதாக ஒட்டி, தெருத்தெருவாகக் கதவு தட்டினாள். "நாலு நாட்டு ஜனம் ஒரே படகுல போறோம். ஒருத்தன் என் பங்குப் பலகைய அறுத்து எடுத்துட்டுப் போறேன்னா என்ன அர்த்தம்?" என்பாள். கேட்டவர்களில் பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் கதவைச் சாத்தினார்கள்.

இங்குனாவுக்கும் ஓட்டு இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்து ஆட்கள் யார் இங்கே குடியிருந்தாலும் போடலாம் என்று எடின்பரோவிலிருக்கிற ஸ்காட்லாந்து அரசு சொல்லிவிட்டது. அவள் வாக்கு எங்கே போகும் என்பது ஜெஸிமாவுக்குக் கதவு தட்டாமலே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரொட்டிக்கு நடுவில் கேட்டாள்.

"வேணும்னுதான் போடப்போறேன்" என்றாள் இங்குனா.

ஜெஸிமா கோப்பையைக் கீழே வைத்தாள். "ஏன்டி?"

"நான் ஒரு ஒன்றியத்துல பொறந்தவ, ஜெஸ். சோவியத் ஒன்றியம். மாஸ்கோதான் எல்லாம். சேர்றியான்னு எங்கள யாரும் கேக்கல. எனக்குப் பன்னெண்டு வயசுல எங்கப்பா என்னை நெடுஞ்சாலையில கொண்டுபோய் நிறுத்தினார். மூணு நாட்டு ஜனம் கைகோத்து நின்னோம், ஊர் ஊரா, சங்கிலி மாதிரி. எங்கள விடுங்கன்னு. எனக்கு ஒரு பக்கம் எங்கப்பா கை, இந்தப் பக்கம் யாரோ முன்ன பின்ன தெரியாத பொம்பள கை. அப்படி நின்னுட்டு வந்து, இங்க ஒரு ஜனத்தப் பாத்து 'வேணாம், நீ தனியாப் போகாத'ன்னு நான் எப்படிப் போடுவேன்? கை கூசுது."

"அது அடிச்சுச் சேத்தது. இது அப்படியா?"

"உன் வீட்டுக் கதை உனக்கு. என் வீட்டுக் கதை எனக்கு."

அதோடு விட்டிருக்கலாம். ஜெஸிமா விடவில்லை. விடுகிற பிறவியா அவள்? தொலைக்காட்சியில் பெரிய மனிதர்கள் சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். தனி நாடானால் ஸ்காட்லாந்து ஐரோப்பாவை விட்டு வெளியே விழும். திரும்பச் சேர வரிசையில் கடைசியில் நிற்கவேண்டும். இங்குனா மாதிரி வந்து வேலை செய்கிறவர்கள் கதி என்னவாகும்? ஐரோப்பாவில் இருக்கவேண்டுமென்றால் பிரிட்டனோடு இருக்கவேண்டும்.

"நான் எனக்காகக் கேக்கலடி. உனக்காகக் கேக்கறேன். நீ இங்க இருக்கணும்."

இங்குனா தட்டில் உதிர்ந்த ரொட்டித் துணுக்குகளை விரலால் ஒற்றி ஒற்றி எடுத்தாள். "வேணாம்னு போட்டா நான் இங்கயே இருக்கலாமா? எப்பவும் போல? யாரும் போன்னு சொல்லமாட்டாங்களே? நீ சொல்லு, ஜெஸ். டிவிக்காரன் சொல்றது எனக்கு வேணாம்."

"அய்" என்றாள் ஜெஸிமா.

ஒத்தை அய்.

செப்டம்பரில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் சர்ச் கூடத்துக்குப் போனார்கள். ஒருத்தி வாக்கைக் கொடுத்திருந்தாள், இன்னொருத்தி அதை நம்பி வாக்கைப் போட்டாள். மறுநாள் காலை 'வேண்டாம்' ஜெயித்துவிட்டது என்று செய்தி வந்தபோது ஜெஸிமா மீன் கூடத்தில் மேசையைத் தட்டிப் பாடினாள். இங்குனா கழிப்பறைக்குப் போய்விட்டு கண்கள் சிவந்து வந்தாள். "வெங்காயமா?" என்று ஜெஸிமா சீண்டினாள். மீன் கூடத்தில் ஏது வெங்காயம். "எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத" என்றாள் இங்குனா. அப்பா லியபாயாவில் இருந்தார். ஜெஸிமாவுக்கு அவரிடம் பேச ஒரு வார்த்தை லாட்விய மொழி தெரியாது.

இரண்டு வருஷம்கூட முழுசாகப் போகவில்லை. போகாதே, போகாதே என்று எங்கள் காலைப் பிடித்துக் கெஞ்சிய லண்டன், இப்போது ஐரோப்பாவை விட்டுப் போகலாமா என்று தன் பங்குக்கு ஓட்டெடுப்பு வைத்தது. ஜெஸிமாவுக்கு வாக்காளர் அட்டை வந்தது. எக்குக்கு வந்தது. இங்குனாவுக்கு வரவில்லை. தபால்காரன் தொலைத்திருப்பான் என்று ஜெஸிமா கவுன்சிலுக்குப் போன் போட்டாள். இந்தத் தடவை ஐரோப்பாக்காரர்களுக்கு ஓட்டு இல்லையம்மா, என்று ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள்.

"போன தடவை என் ஓட்டு வேணும். இந்தத் தடவை என்னைப் பத்தின ஓட்டு, அதுக்கு நான் வேணாமா?" என்று கேட்டாள் இங்குனா.

"நீ ஏன் கவலப்படுற? நான் போடறேன். எக் போடுவான். உன் ஒண்ணுக்குப் பதிலா ரெண்டு விழுது. என்ன எக்?"

எக் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து "அய்" என்றான்.

ஜூன் மாதம் முடிவு வந்தது. காலையில் ஜெஸிமா சமையலறை ரேடியோவின் முன்னால் இரவுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்காட்லாந்து இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. பிரிட்டன் போகலாம் என்று சொல்லிவிட்டது. ஊர் ஊராக முடிவுகளைப் படித்தார்கள். ஹல் நகரத்தின் பெயரும் வந்தது. மூன்றில் இரண்டு பேர் போகலாம் என்றிருக்கிறார்கள். சுவரில் அப்பாவின் படம் இருந்தது, மாலுமிச் சட்டை, அந்தக் காலர். ஜெஸிமா அதைப் பார்த்தவள் உடனே தலையைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது. விட்டுவிட்டான் பார் அப்பா, கையை விட்டுவிட்டான் என்று வாய்விட்டே சொன்னாள்.

பின்னால் எக் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தான். சீட்டி அடித்துக்கொண்டிருந்தான். மெதுவாகத்தான், ஆனாலும் சீட்டி.

ஜெஸிமா திரும்பினாள். "நீ எதுக்குப் போட்ட?"

சீட்டி நின்றது.

"எக். உன்னத்தான் கேக்கறேன். எதுக்குப் போட்ட?"

"மீனுக்குப் போட்டேன்."

"என்னது?"

"நம்ம கடல், ஜெஸ். ஐரோப்பாச் சட்டத்தக் காட்டி நம்ம வாசல்ல வந்து ஸ்பெயின்காரன் அள்ளிட்டுப் போறான், நாம கரையில நின்னு எண்ணிட்டு இருக்கோம். எங்கூடப் படகுல இருந்தவன் எல்லாரும் அப்படித்தான் போட்டான். கடல் திரும்பி வருதுன்னு சொன்னாங்க. அவளுக்கு எதிரா நான் போடல."

"அய்ன்னு சொன்னியே அவ முன்னால!"

"நீதான் சொல்ல வெச்ச."

 நாற்பது வருஷக் குடித்தனத்தில் ஜெஸிமாவுக்குப் பதில் வராத நாள் அது ஒன்றுதான் என்று எக்கே பிற்பாடு துறைமுகத்தில் சொல்லி வருத்தப்பட்டான். அன்றிலிருந்து கோடை முடியும்வரை அவன் தேநீரை அவனே போட்டுக்கொண்டான்.

மீன் கூடத்தில் இங்குனா எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை. குனிந்த தலை நிமிராமல் மீன் அறுத்தாள். கசாப்புக்கடைக்காரர்தான் விடவில்லை. "ஏம்மா ஜெஸ், ஐரோப்பாவுல இருக்கணும்னா வேணாம்னு போடணும்னு எங்க கதவைத் தட்டினியே. நல்லா இருக்கியா?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது கேட்டார். அவள் சாசேஜ் வாங்காமல் வந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து, ஜன்னலில் இன்னும் கொஞ்சம் பசை மிச்சமிருந்த இடத்தை நகத்தால் சுரண்டினாள். போன தடவை கிழித்த சுவரொட்டியின் பசை அது.

"அவங்க என்னை ஏமாத்திட்டாங்க இங்குனா" என்று ஒருநாள் அவளாகவே ஆரம்பித்தாள். "சத்தியமா நான் நம்பித்தான் சொன்னேன்."

"தெரியும்."

"கோவமா?"

"உன்னை அவங்க ஏமாத்தினாங்க, ஜெஸ். என்னை அவங்க ஏமாத்தல. நான் அவங்கள நம்பவே இல்லையே."

 ஞாயிற்றுக்கிழமை ரொட்டி நிற்கவில்லை. ஆனால் செருப்பு என்ற கேலி நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் இங்குனாவின் அப்பா படுக்கையில் விழுந்தார். அவள் ஊருக்குப் போய்ப் பக்கத்திலிருந்து பார்த்து, அடக்கம் செய்துவிட்டு, முக்கால் வருஷம் கழித்துத் திரும்பி வந்தாள். அதுதான் வினையாயிற்று. ஐரோப்பாக்காரர்கள் எல்லாரும் இங்கேயே இருக்க அனுமதி கேட்கவேண்டும் என்று லண்டன் சட்டம் போட்டபோது, போனைப் பார்த்து முகத்தைக் காட்டு, பாஸ்போர்ட்டைக் காட்டு என்றது. ஜெஸிமாவின் சமையலறையில் வைத்துத்தான் காட்டினாள். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று ஜெஸிமா திரையை விலக்கிவிட்டாள், அவள் நெற்றியில் விழுந்த முடியையும் ஒதுக்கிவிட்டாள், கல்யாணப் படத்துக்கு நிறுத்துகிற மாதிரி.

சில நாளில் போனிலேயே பதில் வந்தது. நடுவில் வெளிநாட்டில் அதிக நாள் இருந்திருக்கிறாய்; இப்போதைக்குத் தற்காலிக அனுமதிதான்.

"தற்காலிகமா? பதிமூணு வருஷமா இந்த ஊர் மீனை அறுத்த கை தற்காலிகமா?" ஜெஸிமா கத்திய கத்தலில் எக் பக்கத்து அறையிலிருந்து வந்து நின்றான். "இதை விடக்கூடாது. ஆரம்பத்துல இருந்து நீ வேலை செஞ்சதுக்கு அத்தாட்சி எல்லாம் எடுத்துக் காட்டலாமாம், விசாரிச்சுட்டேன். சூப்பர்வைசர்கிட்ட நான் வாங்கித் தரேன். காட்டினா நிரந்தரம் ஆக்கிடுவாங்க. வாக்குக் குடுத்திருக்காங்க, யாரையும் அனுப்பமாட்டோம்னு."

இங்குனா போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"அய், ரைட்" என்றாள்.

அவ்வளவு சுத்தமாக இருந்தது அது. பிட்கேரியில் பிறந்து வளர்ந்தவள்கூட அந்த இழுப்பில், அந்த அலுப்பில் சொல்லியிருக்க முடியாது. 

"நான் இங்க இருந்தேன்னு நான் ஏன் நிரூபிக்கணும், ஜெஸ்? நீங்க எல்லாரும் பாத்தீங்கதான?" என்றாள் இங்குனா. அதில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜெஸிமா சண்டை போட்டு ஜெயித்திருப்பாள்.

பிரிட்டன் ஐரோப்பாவை விட்டு விலகிய அந்த ஜனவரியில் அவளும் கிளம்பினாள். அபெர்டீன் விமான நிலையத்துக்குப் போகிற பேருந்துக்காக மூன்று பேரும் துறைமுகச் சுவரோரம் நின்றார்கள். காற்று ஆளைத் தள்ளியது. எக்தான் பெட்டியைத் தூக்கி வந்தான், முழங்கால் வலியோடு. அதைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்.

"மன்னிச்சிரும்மா."

"உனக்கு நிறைய மீன் கிடைக்கட்டும், எக்" என்றாள் இங்குனா. கன்னத்தில் முத்தமும் கொடுத்தாள். அவன் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அந்த மீன் வரவில்லை என்பதும், அடுத்த வருஷம் கூடத்தில் பாதி மேசைகள் காலியாயின என்பதும் எங்கள் ஊரில் எல்லாரும் அறிந்தது. அதை எக்கிடம் யாரும் சொல்லிக்காட்டுவதில்லை.

பேருந்து வந்தது. ஜெஸிமா ரொட்டியைத் துணியில் சுற்றி அவள் கைப்பைக்குள் திணித்தாள். கேட்க நினைத்தது வேறு என்னென்னவோ. திரும்பி வருவாயா என்று கேட்க வாய் வரவில்லை. மன்னித்துவிட்டாயா என்று கேட்கத் தைரியம் இல்லை. கடைசியில் சின்னதாக ஒன்றைக் கேட்டாள்.

"போய்ச் சேந்ததும் போன் பண்ணுவியாடி?"

இங்குனா படியில் ஒரு காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். முகம் சாந்தமாக இருந்தது.

"அய்" என்றாள்.

ஜெஸிமா அடுத்த சொல் வருகிறதா என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். வரவில்லை. ஒத்தை அய்தான். கதவு மூடியது. அவளுக்கு உயிர் வந்தது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம், "பாத்தியா, ஒத்தை அய் சொன்னா, கேட்டியா" என்று எக்கிடம் சொல்லிக்கொண்டே போனாள்.

அன்று மாலை போன் வரவில்லை. வாரக் கடைசியிலும் வரவில்லை. அவள் எழுதி வைத்துவிட்டுப் போன லாட்வியா எண்ணுக்கு ஜெஸிமா கூப்பிட்டால் லாட்விய மொழியில் பதிவுசெய்த ஒரு பெண் குரல் ஏதோ சொல்லிவிட்டுத் துண்டித்துக்கொண்டது. அந்த எண் இப்போது இல்லை என்று சொல்கிறது போலும். பெருந்தொற்று வந்தது, போனது. கசாப்புக்கடைக்காரர் கேலியை விட்டுவிட்டார். ஸ்காட்லாந்து தனியாகப் போக மறுபடியும் ஓட்டெடுப்பு வேண்டும் என்று சிலர் கதவு தட்டினார்கள், கூடாது என்று சிலர் தட்டினார்கள். இரண்டு கட்சிக்கும் அவள் வாசலிலேயே இரண்டு வார்த்தை சொல்லிக் கதவைச் சாத்தினாள். என்ன வார்த்தை என்று நான் சொல்லவேண்டியதில்லை.

"மறந்திருப்பா. இல்ல, போன் நம்பர் தொலைஞ்சிருக்கும்" என்பான் எக்.

"இல்ல" என்பாள் ஜெஸிமா. "அவ மறக்குற ஆளில்ல. நான் அவளுக்குச் சொன்ன அதே ஒத்தை அய்யத்தான் எனக்குத் திருப்பிச் சொல்லிட்டுப் போயிருக்கா."